கருவைத் தொடும் மதுவும் கணக்கில் வராத குழந்தைகளும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பங்கழியும் படகுத்துறையுமாக விளங்கும் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் ஒருங்கே அமைந்தோருக்கான தேசிய நிறுவனம் 2005-ஆம் ஆண்டிலிருந்து மத்திய சர்க்காரின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. இத்தகைய ஸ்தாபனங்களுக்கும், மாவட்ட ஆஸ்பத்திரிகளைச் சார்ந்த சிறார் சிகிச்சை நிலையங்களுக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார், அங்கே கேட்கப்படும் வினாக்களை நாளடைவில் மனப்பாடமாகவே அறிந்துகொள்கின்றனர்: சொந்தத்தில் கல்யாணமா, குறைமாதத்தில் பிறந்ததா, பிறந்தவுடன் அழுததா, மஞ்சட்காமாலை கண்டு விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா. இவ்வினாக்கள் ஒவ்வொன்றின் பின்னும் பல்லாண்டு ஆராய்ச்சி நிற்கிறது. ஆயினும், குழந்தையின் மூளையைக் கருவிலேயே குன்றச் செய்யும் காரணங்களுள் முற்றிலும் தடுக்கக்கூடியவற்றின் வரிசையில் முன்னே நிற்பதென்று வைத்திய உலகம் கருதும் ஒன்றைப் பற்றிய வினா, நம் நாட்டில் பெரும்பாலும் கேட்பவரின் நாவிலேயே நின்றுவிடுகிறது. கர்ப்ப காலத்தில் தாய் மது அருந்தியதுண்டா என்பதே அவ்வினா.

அதனை எவ்வாறு கேட்பது, விடையை எவ்வாறு எண்ணுவது, எண்ணியபின் என்ன செய்வது என்பவற்றை ஆராய்வதற்குப் பணம் ஒதுக்குவது, மது விற்பனையைத் தன் ஏகபோக உரிமையாக வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சர்க்கார் மனமிரங்கிச் செய்யும் தருமம் ஆகாது. அது தீர்க்கவேண்டிய கடன். இதுவே இக்கட்டுரையின் துணிபு. அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே அமைந்திருக்கின்றன என்பதையும் காட்ட முயல்வோம்.

நோயை உலகம் அறிந்த வரலாறு

குடிப்பழக்கமுள்ள தாயின் பிள்ளை நலிந்து பிறக்கும் என்னும் ஐயம் மிகப் பழையது. அதைக் கணக்கிட்டுக் காட்டிய முதல் முயற்சிகளுள் ஒன்று, இங்கிலாந்தின் லிவர்ப்பூல் சிறைச்சாலையில் வைத்தியராயிருந்த வில்லியம் சல்லிவன் என்பவர் 1899-இல் வெளியிட்டது. குடிக்கு அடிமைப்பட்ட 120 பெண்கள் ஈன்ற 600 குழந்தைகளின் கதியை அவர் ஆராய்ந்தபோது, அவற்றுள் பாதிக்கு மேல் இறந்தே பிறந்தனவாகவோ சிசுப் பருவத்திலேயே மாண்டனவாகவோ இருந்தன. கர்ப்ப காலத்தைச் சிறையில், மது கிட்டாத நிலையில் கழிக்க நேர்ந்த பெண்களுக்கு நல்ல பிள்ளைகள் பிறந்ததையும் அவர் குறித்துவைத்தார். கேடு பரம்பரையால் வந்ததன்று, மதுவால் வந்தது என்று ஊகிப்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் அடுத்த எழுபது ஆண்டுகள் அவ்வுண்மை ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது.

1968-இல் பிரான்ஸின் நாந்த் நகரத்துக் குழந்தை வைத்தியர் பால் லெமுவானும் அவருடைய சகாக்களும், குடிப்பழக்கமுள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடத்தே ஒரே மாதிரியான முகக் குறிகளையும் வளர்ச்சிக் குறைவையும் கண்டு எழுதினர். அது அந்நாட்டின் பிராந்திய வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தமையால் வெளியுலகை எட்டவில்லை. 1973-இல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரத்தில் கென்னத் லயன்ஸ் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்னும் இருவர் அதே குறிகளைத் தாமும் கண்டு 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியிட்டு, அந்நோய்க்கு ஒரு பெயரும் இட்டனர். கர்ப்பிணிகள் மதுவைத் தவிர்க்க வேண்டுமென்று அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி 1981-இல் அறிவித்தார். 1989 முதல் அந்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மதுப் புட்டியின்மேலும் கருவுக்கு நேரும் கேட்டைக் குறித்த எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

மது எவ்வாறு கேடு செய்கிறதென்பது இன்று பெருமளவு விளங்கியிருக்கிறது. சாராயத்தின் அணுத்திரள் மிகச் சிறியது. நஞ்சுக்கொடி அதற்குத் தடையாவதில்லை. தாயின் இரத்தத்தில் ஏறும் அளவே சிறிது நேரத்தில் சிசுவின் இரத்தத்திலும் ஏறுகிறது. அதைச் சிதைக்கும் ஆற்றல் சிசுவின் ஈரலுக்கு இன்னும் வாய்க்காமையால், அது பனிக்குட நீரில் கலந்து, சிசு அந்நீரை மறுபடி விழுங்க, தாயின் போதை தெளிந்த பின்னரும் உள்ளே தங்கி நிற்கிறது. முகத்தை அமைக்கும் உயிரணுக்கள் கருவுற்ற மூன்றாம் நான்காம் வாரங்களிலேயே தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. தனக்கு நாள் தள்ளியிருக்கிறதென்று தாயே அறியாத வாரங்கள் அவை. மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டிருப்பது. ஆகவே முகத்தில் ஒரு குறியுமின்றி மூளையில் மட்டும் கேடுற்ற பிள்ளைகளே இக்கோளாறுகளுக்கு ஆளானோரில் பெரும்பாலோர். கவனம் நிலையாமை, நேற்றுக் கற்றதை இன்று மறத்தல், செய்கையின் விளைவை முன்கூட்டி எண்ணமுடியாமை, கணக்குப் புரியாமை ஆகியன அவர்களிடம் காணும் குறிகள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் நோயாளி என்பதன்று. மக்கு, அடங்காப்பிடாரி என்பனவே. குறிகளின் வேறுபாடு இவ்வளவு பரந்திருப்பதால், இவையனைத்தையும் சேர்த்துக் கருநிலை மதுக் கோளாறுகள் என்று ஒரு தொகுதியாகவே வைத்தியர்கள் கொள்கின்றனர்.

2017-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடுகளின்படி, ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுப் பேர் இத்தொகுதியைச் சேர்ந்தவர்; கர்ப்ப காலத்தில் மது அருந்தும் பதின்மூன்று தாய்மாருள் ஒருத்திக்கு இவ்வாறான குழந்தை பிறக்கிறது; ஆண்டுதோறும் உலகில் பிறக்கும் இத்தகைய குழந்தைகள் 6,30,000.

நம் கணக்கும் அதன் மௌனமும்

தமிழ்நாட்டில் இது ஒரு பிரச்சினையே அன்று என்னும் அபிப்பிராயம் படித்தவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டக்கூடியது 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. அதன்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 25.4 பேர் மது அருந்துகின்றனர், பெண்களிலோ 0.3 பேர் மட்டுமே. கள் அருந்துவது ஊரறிந்த வழக்கமாயிருக்கும் தெலங்கானாவில் இதே ஆய்வு பெண்களிடையே 6.7 விழுக்காட்டைக் கண்டது. வெட்கம் இல்லாத இடத்தில் விடை வருகிறது, வெட்கம் உள்ள இடத்தில் வருவதில்லை என்பதை இவ்விரு எண்களின் இடைவெளியில் ஒரு பங்கேனும் உணர்த்துகிறதென்று கருதுவதில் தவறில்லை. 2023 மே மாதத்தில் செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலும் அடுத்த விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் கடற்கரையிலும் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும், இறந்தவர்களிடையே பெண்களும் இருந்தனர். ஆய்வாளரின் படிவத்தில் இல்லையென்று எழுதப்பட்ட பழக்கம் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் வெளிப்பட்டது.

0.3 என்னும் அவ்வெண்ணையே மெய்யெனக் கொண்டு ஒரு கணக்கு இட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 லட்சம் பிரசவங்கள் நிகழ்கின்றன. அவற்றில் 0.3 விழுக்காடு 2,700. பதின்மூன்றில் ஒன்று என்னும் விகிதத்தை இதன்மேல் வைத்தால் ஆண்டுக்கு இருநூறு குழந்தைகள். பள்ளிப் பருவம் முடியும் வரையிலான பதினெட்டு ஆண்டுகளுக்கு மூவாயிரத்து அறுநூறு. மது அருந்தும் பெண்கள் யாவரும் கர்ப்பத்திலும் அருந்துவர் என்பதற்கில்லை. ஒளித்தவர்களோ இக்கணக்கில் அறவே வரவில்லை. ஆதலால் உண்மை இதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். வெட்கத்தின் திரைவழியே கிடைத்த மிகச் சிறிய எண்ணும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காட்டுகிறது என்பதே இங்குக் கொள்ளவேண்டிய கருத்து.

அவ்வாயிரக்கணக்கானோருக்கு நம் சட்டங்களிலும் திட்டங்களிலும் பெயர் இல்லை. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் இளமையிலேயே கண்டறிய 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், முதலில் முப்பது நிலைமைகளைப் பட்டியலிட்டது. இது அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றது. இது அவற்றிலும் இல்லை. 2019 ஏப்ரல் முதல் நாடெங்கும் மதுப் புட்டிகளின்மேல் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கை, மது உடல்நலத்துக்குக் கேடு என்றும், குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர் என்றும் கூறுகிறது. கர்ப்பிணியைப் பற்றி ஒரு சொல்லும் கூறுவதில்லை. வைத்தியர்கள் வாளாவிருந்தனர் என்பதற்கில்லை; பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த பிரதிமா மூர்த்தி முதலியோர் 2008-லேயே இந்திய குழந்தை வைத்தியப் பத்திரிகையில் இக்கோளாறுகளைக் குறித்து விரிவாக எழுதி எச்சரித்தனர். வைத்தியர் எழுதியதைத் தொடர்ந்து எண்ணுவதற்கு வேண்டிய பணம்தான் வரவில்லை.

கேட்கும் முறையும் எண்ணும் முறையும்

முதல் ஆராய்ச்சி, கேட்கும் முறையைப் பற்றியதாகவே இருக்கவேண்டும். கர்ப்பிணியை அவள் வீட்டு வாசலிலேயே சந்திக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாமியார் அருகே நிற்க, "குடிக்கிற பழக்கம் இருக்காம்மா?" என்று கேட்டால், "ஐயய்யோ, அதெல்லாம் இல்லீங்க சிஸ்டர்" என்பதற்கு வேறான விடையை எதிர்பார்ப்பது பேதைமை. அவரே தனியாக உட்கார்ந்து, "சூளையில வேலை பார்த்துட்டு வந்தா உடம்பெல்லாம் வலிக்குமே, ராத்திரி தூக்கம் வருதா? வலிக்கு ஏதாச்சும் எடுத்துக்குறியா?" என்று தொடங்கினால், "அவரு வாங்கியார்றதுல கொஞ்சம் ஊத்திக் குடுப்பாரு சிஸ்டர்" என்னும் விடை என்றோ ஒருநாள் வரக்கூடும். கற்பனையான இவ்வுரையாடலின் இரு பகுதிகளுக்கும் உள்ள வேற்றுமையை அளந்து காட்டுவது ஆராய்ச்சியின் கடமை.

அளவைக் கேட்பதிலும் இதே நுட்பம் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 1989-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வினாத்தாள், ஒரே வேளையில் ஆறு அளவை அல்லது அதற்கு மேல் அருந்துவதுண்டா என்று கேட்கிறது. நம் நாட்டில் ஓர் அளவை என்று கொள்ளப்படுவது பத்துக் கிராம் சாராயம். டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மில்லி குவார்ட்டர் புட்டியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். அதாவது 77 மில்லி. எடையில் ஏறக்குறைய 60 கிராம். "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்று எளிதாகச் சொல்லப்படும் அளவே ஆறு அளவைகள் ஆகிவிடுகிறது. இருவர் பங்கிட்டுக்கொள்ளும் 'கட்டிங்' ஒவ்வொருவருக்கும் மூன்று அளவை. வெளிநாட்டுக் கோப்பைகளின் கணக்கில் எழுதிய வினாவை அப்படியே தமிழாக்கிக் கேட்டால், கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையே உண்மை தப்பிப்போகும்.

வாய்மொழி ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. மது அருந்தியவரின் இரத்தத்தில் உண்டாகும் பாஸ்பட்டிடில் எத்தனால் என்னும் பொருள் சில வாரங்கள் வரை தங்கியிருக்கும். பிறந்த சிசுவின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி அனுப்பினாலே அதை அளந்துவிடலாம். இதில் எழும் தருமசங்கடம் பெரிது. கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் கீழ் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. மதுவைப் பற்றிய விடையால் அவ்வுதவி நின்றுபோகும் என்ற வதந்தி ஒரு கிராமத்தில் பரவினாலும், விடை சொல்வார் ஒருவரும் இரார், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதற்கே அஞ்சுவார் பலர். கர்ப்பிணியின் குடியைக் குழந்தைக்கு இழைத்த கொடுமையாகச் சட்டம் கொள்ளும் அமெரிக்க மாநிலங்களின் அநுபவமும் இதுவே. தண்டனைக்கு அஞ்சிய தாய் முதலில் கைவிடுவது வைத்தியரைத்தான்.

இச்சங்கடத்திலிருந்து மீளும் வழியை நம் நாடு முன்னரே கண்டிருக்கிறது. எய்ட்ஸ் கிருமி இந்தியாவில் இருப்பதை 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அது நம் பண்பாட்டில் வராத நோய் என்றே பலர் வாதித்தனர். பின்னர் 1998 முதல், கர்ப்பிணிகளின் இரத்த மாதிரிகளில் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு, யாருடையதென்று எவரும் அறியாவண்ணம் ஆண்டுதோறும் சோதித்து, நோயின் பரப்பு மாவட்ட வாரியாக அளக்கப்பட்டது. வெட்கம் சூழ்ந்த ஒரு விஷயத்தை வெட்கப்படுத்தாமல் எண்ணுவது இயலும் என்பதற்கு நம்மிடமே இவ்வளவு பெரிய முன்மாதிரி இருக்கிறது.

குழந்தைகளைக் கண்டறிவதில் வேறொரு குறை உண்டு. கண்ணின் இரு கோடிகளுக்கும் இடையேயுள்ள நீளத்தைக் கண்ணாடிபோன்ற சிறு அளவுகோலால் அளப்பர். மூக்கினடியிலிருந்து மேலுதடு வரை இறங்கும் பள்ளம் மழுங்கியிருக்கிறதா என்பதையும், மேலுதட்டின் சிவந்த பகுதி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதையும், ஐந்து புகைப்படங்கள் கொண்ட ஓர் அட்டையைக் குழந்தையின் முகத்தருகே பிடித்து ஒப்பிடுவர். குழந்தை அப்போது சிரிக்கலாகாது. சிரித்தால் எவருக்கும் உதடு மெலியும். ஆகவே அதன் முகம் இயல்பு நிலைக்குத் திரும்பும்வரை வைத்தியர் காத்திருக்கிறார். ஸியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் தயாரித்த அவ்வட்டை இருவகை: ஒன்று வெள்ளையருக்கு, மற்றொன்று ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு. செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர்க் குழந்தையின் உதட்டை எந்த அட்டையோடு ஒப்பிடுவது? நம் மக்களின் முகத்துக்கேற்ற அளவுகளை வகுப்பது, ஆடம்பரக் கருவி ஒன்றும் வேண்டாத, பொறுமையும் சில ஆயிரம் குழந்தைகளும் மட்டுமே வேண்டிய ஆராய்ச்சி.

தடுப்பும் பரிகாரமும்

மது வேண்டாம் என்று சொல்வதோடு தடுப்பு முடிந்துவிடுமானால் ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரே அளவு மது இரு கர்ப்பங்களில் இருவேறு விளைவைத் தருகிறது. அவ்வேற்றுமையின் காரணங்களுள் ஒன்று தாயின் போஷாக்கு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், மதுவினால் குழந்தையின் வளர்ச்சிக்கு நேரும் கேடு, இரும்புச் சத்துக் குறைந்த சிசுக்களிடத்தே மிகக் கடுமையாயிருந்ததென்று 2007-இல் கண்டறிந்தனர். எலிகளிடம் நடத்திய சோதனைகளும் அதை உறுதிப்படுத்தின. மேற்கூறிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேர் இரத்தசோகையுள்ளவர். செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்யும் இரத்தசோகைக் கர்ப்பிணி அருந்தும் ஒரு 'கட்டிங்', நன்றாக உண்டு வாழும் ஐரோப்பியப் பெண்ணின் ஒரு கோப்பையைவிடக் கொடியதாக இருத்தல் கூடும். செவிலியர் கொடுக்கும் இரும்பு மாத்திரையை அவள் உண்மையாகவே விழுங்குகிறாளா என்பது இக்கோளாற்றின் தடுப்பிலும் ஒரு கேள்வியாகிவிடுகிறது. இரும்பும் மதுவும் சேரும் இடத்தை நம் மண்ணில் வைத்து ஆராய்ந்தால், அதன் பயன் உலகத்துக்கே உரியதாகும்.

இதைப் போன்றதே கோலின் என்னும் சத்தின் கதை. கேப் டவுனில் மது அருந்திய கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பத்தின் இடைப்பகுதியிலிருந்து நாளொன்றுக்கு 2 கிராம் கோலின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் பெற்ற சிசுக்கள் வளர்ச்சியிலும் கற்றலிலும் மேம்பட்டிருந்ததாக 2018-இல் அறிவித்தனர். அமெரிக்காவின் மின்னஸோட்டா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி வோஸ்னியாக் என்பவர், இக்கோளாறுள்ள இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் நாளுக்கு 500 மில்லிகிராம் கோலின் கொடுத்து, நான்கு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோதும் பயன் தங்கியிருக்கக் கண்டார். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது. ஆதலால் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் கோலின் மிகுந்த உணவுகளுள் முட்டை முதன்மையானது. நம் அங்கன்வாடிகளிலும் சத்துணவுக் கூடங்களிலும் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பெரிய முட்டை ஒன்றில் சுமார் 150 மில்லிகிராம் கோலின். சத்துணவின் அளவைச் சற்றே கூட்டினால் இக்குழந்தைகளுக்குப் பயன் விளையுமா என்பதைச் சோதிக்க, இதனினும் ஏற்ற களம் வேறெங்கே கிடைக்கும்?

தந்தையின் பங்கும் இப்போது வெளிப்பட்டு வருகிறது. டெக்ஸாஸில் மைக்கேல் கோல்டிங் என்பவரின் ஆய்வுக்கூடத்தார், கருத்தரிப்புக்கு முன் ஆண் எலி அருந்திய மதுவும் குட்டியின் முக அமைப்பை மாற்றுகிறதென்று 2023-இல் காட்டினர். மனிதருக்கும் இது பொருந்துமா என்பது இனிமேல் தெளியவேண்டியது. பெண்ணைவிட ஆணே பன்மடங்கு குடிக்கும் நாட்டில் இக்கேள்விக்கு விசேஷ முக்கியத்துவம் உண்டு. பழி முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவைக்கும் வழக்கத்துக்கு அது ஒரு மாற்றும் ஆகும்.

பிறந்துவிட்ட பிள்ளைகளுக்குப் பரிகாரம் இல்லையெனக் கைவிடுவதும் தவறு. ஸியாட்டிலில் ஆன் ஸ்ட்ரெய்ஸ்குத் அம்மையார் 415 பேரைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, இளம் வயதிலேயே நோய் இன்னதென்று அறியப்பட்டவர்களும், நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்களும், பள்ளியிழப்பு, சிறை முதலிய பின்விளைவுகளிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு மிகுதியென்று கண்டார். ஆசிரியரும் பெற்றோரும் பிள்ளையின் இயல்பை அறிந்து, கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லி, நாளின் ஒழுங்கை மாற்றாமல் நடத்தினாலே பெரும் பயன் உண்டு. அதற்கு முதற்படி, நோய்க்குப் பெயர் தெரிதல்.

செங்கற்பட்டின் தகுதி

பெரிய ஆராய்ச்சிகள் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தோன்றிய தொழுநோய் ஆரோக்கிய நிலையத்தில் ராபர்ட் காக்ரேன் என்பவர் 1940-களில் டாப்சோன் சிகிச்சையை இந்தியாவில் முன்னின்று நடத்தினார். அந்நிலையமே 1955-இல் மத்திய சர்க்காரின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. 1968-இல், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திருவள்ளூர்ப் பகுதியை மையமாகக் கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் கூடி, பி.ஸி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைப் பதிவு செய்து, வீடு வீடாகச் சென்று, பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தன. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. நம்பியதற்கு மாறான முடிவே ஆயினும், காசநோய்த் தடுப்பூசியைப் பற்றிய உலகத்தின் எண்ணத்தையே அது மாற்றியது. இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சியாளர் செங்கற்பட்டின் பெயரை அவ்வாய்வினாலேயே அறிவர். எதிர்பார்த்த விடையைத் தராத ஆராய்ச்சியும் செலவிட்ட பணத்துக்கு ஈடு செய்யும் என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் இல்லை.

2019 நவம்பரில் தனி மாவட்டமான செங்கற்பட்டின் இன்றைய அமைப்பும் இவ்வாய்வுக்கு இயைந்தது. 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, பிரசவ வார்டும் குழந்தை வைத்தியப் பிரிவுமாக நடுவே நிற்கிறது. முட்டுக்காட்டில் தேசிய நிறுவனம். அடுத்த கோவளத்தில் மனநலப் பணியில் அநுபவம் வாய்ந்த 'பான்யன்' அமைப்பின் கல்விக்கூடம். கிராமங்களில் செவிலியரும் அங்கன்வாடியும். மக்களிலோ, பழைய மாமல்லபுரம் சாலையின் கணினிக் கம்பெனிகளில் உழைத்து வாரக்கடைசியில் விருந்துகளுக்குச் செல்லும் படித்த பெண்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் உல்லாச விடுதிகளில் வேலை செய்வோரும், மீனவர் குப்பங்களில் கூடை சுமப்போரும், செய்யூர் உப்பளங்களிலும் உள்நாட்டுச் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கூலிவேலை செய்வோரும் ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றனர். இவ்வகையினர் எல்லாரையும் ஒருசேர ஆராய்வது விஞ்ஞானத்துக்கு மட்டுமன்றி நீதிக்கும் அவசியம். இருளர் குடியிருப்புகளிலும் குப்பங்களிலும் மட்டும் வினாத்தாளோடு நுழைந்தால், ஏழைக்கு இன்னுமொரு பழிப்பெயர் சூட்டியதே மிஞ்சும்.

பணம் எங்கிருந்து வரும்

2024-25-ஆம் ஆண்டில் டாஸ்மாக்கின் மூலம் தமிழக சர்க்காருக்குக் கிடைத்த வருவாய் 48,344 கோடி ரூபாய். நாளொன்றுக்கு ஏறக்குறைய 132 கோடி. 2003 முதல் சில்லறை விற்பனையும் சர்க்காரின் ஏகபோகம். அவ்வுரிமையை அளிப்பதும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் திருத்தமே என்பது சட்ட வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. அச்சட்டம் பிறந்த ஆண்டில் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். வருவாயைத் துறப்பதற்காகப் புது வரி விதித்த காலம் அது. இன்று துறக்கச் சொல்லவில்லை. மேற்சொன்ன ஆராய்ச்சிகளுக்காக ஆண்டில் ஒரே ஒரு நாளின் வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கச் சொல்கிறோம்.

மது விற்பவரின் பணத்தால் மதுவைப் பற்றி ஆராயலாமா என்று கேட்பவரின் கேள்வி நியாயமானது. மிதமான குடி இருதயத்துக்கு நல்லதா என்று காண அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் பத்துக் கோடி டாலர் செலவில் தொடங்கிய ஆய்வு, அதற்கு மதுக் கம்பெனிகளிடம் நிதி திரட்டிய முறை வெளிப்பட்டதால் 2018-இல் கைவிடப்பட்டது. ஆகவே டாஸ்மாக்கோ ஆயத்தீர்வைத் துறையோ நேரே பணம் கொடுக்கலாகாது. சட்டசபை ஒதுக்கும் தொகை பொதுக் கருவூலத்தினின்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போன்ற ஸ்தாபனத்தின் கையில் செல்லவேண்டும். ஆய்வைத் தெரிந்தெடுப்பதிலும் முடிவை வெளியிடுவதிலும் விற்பனைத் துறைக்கு ஒரு சொல்லும் இருத்தலாகாது. மத்திய சர்க்காரின் பங்கும் உண்டு. முட்டுக்காட்டு நிறுவனத்தை நடத்துவதும், நாட்டின் போதைப் பழக்கத்தை அளந்து 2019-இல் வெளியான ஆய்வை நடத்துவித்ததும், போதை ஒழிப்பு இயக்கத்தை நடத்துவதும் சமூகநீதி அமைச்சகம் ஒன்றே. போதையின் கணக்கையும் குறைபாடுள்ள குழந்தையின் கணக்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.

காசமும் நீரிழிவும் கோடிக்கணக்கானோரை வருத்தும்போது இதற்கென்ன அவசரம் என்பாரும் உளர். நம் அரசியல் சாசனத்தின் 47-ஆம் ஷரத்து, மக்களின் போஷாக்கை உயர்த்துவதையும் மதுவைத் தடுப்பதையும் ஒரே விதியில் இணைத்து அரசின் கடமையாக்கியிருக்கிறது. இரத்தசோகையும் சாராயமும் ஒரே கர்ப்பத்தில் சந்திக்கும்போது விளைவது என்ன என்னும் கேள்வி, அவ்விதியின் இரு பாதிகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நிற்கிறது. அதற்கு விடை காண ஓராண்டில் செய்யத்தக்கவை மூன்று: கிராமச் செவிலியரின் பதிவேட்டில், உதவித்தொகையோடு தொடர்பின்றி, நம் மக்களின் அளவுகளிலேயே மதுவைப் பற்றிய வினாவைச் சேர்த்து, அதைக் கேட்கப் பயிற்சி அளித்தல், செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியில் பிறக்கும் சிசுக்களின் உலர்ந்த இரத்தத் துளிகளைப் பெயர் நீக்கிச் சோதித்தல், முட்டுக்காட்டுக்கு வரும் குழந்தைகளின் வரலாற்றில் அவ்வினாவை இடம்பெறச் செய்தல். இம்மூன்றின் விடையும் கைக்கு வந்த பின், பெரிய ஆராய்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமென்று விஞ்ஞானிகளே கணக்குச் சொல்லட்டும். விற்ற புட்டிகளுக்கு நாள்தோறும் கணக்கு வைத்திருக்கும் சர்க்கார், அவற்றால் கேடுற்ற குழந்தைகளுக்கும் கணக்கு வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.